நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், உயரம் வேண்டாம்: மலை வீட்டில் பெரிய மீன் தொட்டி

நான்கு அடி நீளத்தில் மீன் தொட்டி வைக்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்த உடனே வரும் கேள்வி, "உடைந்தால் என்ன செய்வது?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் கேட்பவர் மனத்தில் ஓடும் காட்சி பெரும்பாலும் பொருந்தாது. நள்ளிரவில் கண்ணாடி வெடித்து, கூடம் முழுக்கத் தண்ணீரும் துள்ளும் மீன்களுமாகக் கிடக்கும் காட்சி அது. உலகில் அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பர் 16 அன்று, பெர்லின் நகர ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் நின்றிருந்த அக்வாடோம் என்ற பிரம்மாண்டமான உருளைத் தொட்டி விடிவதற்கு முன்பே வெடித்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது. அதில் இருந்த ஏறக்குறைய 1,500 மீன்களில் மிகச் சிலவே பிழைத்தன. ஆனால் அது பல மாடி உயரத்துக்கு எழுந்த அக்ரிலிக் தொட்டி. வீட்டுக் கூடத்தில் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தக் கதை பொருந்தாது.

வீட்டுத் தொட்டி வெடிப்பது அபூர்வம். அது கசியும், கசிவதற்கு முன் அடையாளமும் காட்டும். தரையில் தேங்கும் தண்ணீரின் பெரும்பகுதி தொட்டியிலிருந்தே வருவதில்லை, குழாயிலிருந்து வருகிறது. குழாயைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் தண்ணீர் கண்ணாடியை எப்படித் தள்ளுகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறப்பதுதான்.

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. மேற்பரப்பில் அழுத்தம் பூஜ்யம். ஒவ்வொரு சென்டிமீட்டர் கீழே போகும்போதும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் வீதம் கூடும். இரண்டடி ஆழத்தில் அது 61 கிராம். தொட்டி எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்பது இந்தக் கணக்கில் வராது. நீலகிரியின் எமரால்டு, அவலாஞ்சி அணைகளைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். பின்னால் நீர்த்தேக்கம் எத்தனை கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும், சுவரின் அடி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சுவரை ஒட்டிய தண்ணீரின் ஆழம்தான்.

இதைத் தொட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கடி நீளமுள்ள முன்பக்கக் கண்ணாடி. தண்ணீர் ஓரடி உயரம் நின்றால் அந்தக் கண்ணாடியின் மேல் மொத்தத் தள்ளுவிசை ஏறக்குறைய 57 கிலோ. ஒன்றரை அடிக்கு 127 கிலோ. இரண்டடிக்கு 227 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. ஏனென்றால் அழுத்தமும் கூடுகிறது, அழுத்தம் விழும் பரப்பும் கூடுகிறது. மாறாக, ஒன்றரை அடி உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை ஆறடியாக்கினால் விசை 191 கிலோதான், அதுவும் நீளம் முழுக்கப் பரவி நிற்கும். கடையில் "உயரமான தொட்டி பார்க்க அழகாக இருக்கும்" என்பார்கள். இருக்கட்டும். மீனுக்கு நீந்த வேண்டியது நீளம், காற்று கலக்க வேண்டியது மேற்பரப்பு. கையை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டிய நமக்கோ இரண்டடிக்கு மேல் போனால் தோள்வரை நனையும். முதல் பெரிய தொட்டி வாங்குபவருக்கு நான் எப்போதும் சொல்வது நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர். அதற்குமேல் ஆசை இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் கூட்டிக்கொள்ளலாம்.

மலையில் இருப்பவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு. "உதகை 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் தொட்டிக்கு ஆபத்து கூடுமா?" கூடாது. காற்று தண்ணீரின் மேற்பரப்பையும் அழுத்துகிறது, கண்ணாடியின் வெளிப்பக்கத்தையும் அதே அளவு அழுத்துகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு தள்ளுவிசையோ அவ்வளவுதான் தொட்டபெட்டாவிலும். உயரத்தால் குறைவது தண்ணீரில் கரையும் ஆக்சிஜன். ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய தொட்டியில் அது இன்னும் குறையும். ஏர் பம்ப் இங்கே அலங்காரப் பொருள் அல்ல.

இனி இணைப்பு. கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது சிலிக்கான் பசை. புதியவர்கள் தொட்டியின் உள்மூலையில் தெரியும் பருத்த பட்டையைத்தான் பசை என்று நினைக்கிறார்கள். அது காவல் வேலை மட்டுமே செய்கிறது. பாசி சுரண்டும் பிளேடு உள்ளே புகாமல் தடுக்கும் மேலுறை அது. உண்மையான பிடிப்பு இரண்டு கண்ணாடிகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய படலத்தில் இருக்கிறது. டார்ச்சை மூலையின் வெளிப்பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியின் ஓரத்தை வெட்டுவாக்கில் உற்றுப் பாருங்கள். நல்ல இணைப்பு ஒரே நிறத்தில், கறுப்பாகவோ தெளிவாகவோ, இடைவெளியில்லாமல் ஓடும். மோசமான இணைப்பில் கடுகளவு காற்றுக் குமிழ்கள் வரிசையாகத் தெரியும், அல்லது கண்ணாடியை விட்டுப் பசை பிரிந்த இடம் வெள்ளி போல மின்னும். ஒன்றிரண்டு குமிழால் ஒன்றும் ஆகாது. ஒரு குமிழ் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை பாதை போட்டிருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம்.

பசையின் வலுவைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். இரண்டடி உயரத் தொட்டியின் முன்கண்ணாடியை மூன்று ஓரங்களில் 12 மி.மீ. அகலப் பசை பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய 290 சதுர சென்டிமீட்டர். 227 கிலோவை அதில் பகிர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஒரு கிலோகூட இல்லை. நன்றாக உலர்ந்த சிலிக்கான் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். அப்படியானால் தொட்டிகள் ஏன் கசிகின்றன? பசை அறுந்து கசிவது அரிது, கண்ணாடியை விட்டு உரிந்துதான் கசிகிறது. ஒட்டும் நேரத்தில் கண்ணாடி ஓரத்தில் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, அல்லது பழைய சிலிக்கானைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் பூசினார்கள், அல்லது பசை பூசிச் சில நிமிடம் தாமதித்ததால் மேலே தோல் படிந்த பிறகு கண்ணாடியை வைத்தார்கள். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

மலையில் இதோடு இன்னொன்று சேர்கிறது. மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் சாதாரண சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. ஆனால் ஒட்டும் கண்ணாடி ஈரமின்றி இருக்க வேண்டும். கோத்தகிரியில் மூடுபனி இறங்கிய காலையில் குளிர்ந்த கண்ணாடியை வராந்தாவிலிருந்து சமையலறைப் பக்கம் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன் மேல் படியும். அதன் மேல் பூசிய பசை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒட்டுவதற்கு முன் கண்ணாடி அதே அறையில் ஓர் இரவாவது கிடந்து அறையின் வெப்பத்துக்கு வர வேண்டும், ஓரங்களை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். நேரமும் கூடுதலாகத் தேவை. கீழே சமவெளியிலிருந்து வந்து ஒட்டிக் கொடுப்பவர் "நாளை மறுநாளே தண்ணீர் விட்டுவிடலாம் சார்" என்பார். அவர் ஊர் வெயிலுக்கு அது ஓரளவு சரி. டிசம்பரில் அறைக்குள்ளேயே 10 டிகிரி இருக்கும் உதகை வீட்டில் ஒரு வாரம் கழியட்டும், தடித்த கண்ணாடியானால் இரண்டு வாரம். மூக்கும் உதவும். இறுகும்போது சிலிக்கானிலிருந்து வினிகர் நெடி வரும். தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தால் அந்த நெடி இருக்கிறதென்றால் உள்ளே இன்னும் வேலை முடியவில்லை. குளியலறைக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கானை எடுத்துவிடாதீர்கள், அதிலுள்ள மருந்து மீனைக் கொல்லும்.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை அடி உயரத்துக்கு 10 மி.மீ., இரண்டடிக்கு 12 மி.மீ. கேட்டு வாங்குங்கள், மேலே நீளவாக்கிலும் குறுக்காகவும் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டியிருக்கட்டும். விலையைக் குறைக்க ஒரு படி மெலிதான கண்ணாடியில் செய்து தருவது வழக்கம். அது உடனே உடையாது. ஆனால் நடுவில் வெளிப்பக்கமாகப் புடைக்கும். அந்தப் புடைப்பு மூலைப் பசையை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். நிரப்பிய தொட்டியின் முகப்பில் ஒரு நீண்ட அளவுகோலை வைத்துப் பார்த்தால் புடைப்பு தெரிந்துவிடும். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய கண்ணாடி, என்று பெருமையாகச் சொன்னால், அது எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி கீறல் விட்டு எச்சரிக்கும். டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் ஒரே நொடியில் கற்கண்டுத் துகளாகக் கொட்டிவிடும்.

மலை வீடுகளில் எனக்கு உண்மையான கவலை தருவது தொட்டி நிற்கும் இடம்தான். நான்கடி, இரண்டடி, இரண்டடித் தொட்டி ஒன்றில் தண்ணீர் மட்டும் 450 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 86 கிலோ. சரளையும் ஸ்டாண்டும் சேர்த்தால் 640 கிலோவை நெருங்கும். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. தொட்டி நிற்கும் இடமோ முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. இதைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அந்தக் கணக்கு அறை முழுவதற்குமானது. நல்ல கான்கிரீட் தளம், சுமை தாங்கும் சுவரை ஒட்டி வைத்த தொட்டியைப் பரப்பித் தாங்கிக்கொள்ளும். மாடியில் அறையின் நடுவில் வைப்பதுதான் கூடாது.

குன்னூர், உதகைப் பகுதிகளில் பலகைத் தளம் போட்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பலகைக்கு அடியில் ஓடும் உத்திரக் கட்டைகளின் திசை முக்கியம். தொட்டியின் நீளம் அவற்றுக்குக் குறுக்காக இருந்தால் நான்கைந்து கட்டைகள் சுமையைப் பங்கிடும். இணையாக இருந்தால் ஒரே கட்டையின் தலையில் விழும். பக்கத்தில் ஆள் நடக்கும்போது தொட்டியின் மேற்பரப்பில் அலை எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் அங்கே பெரிய தொட்டி வேண்டாம்.

புதிய வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. சரிவில் கட்டிய வீட்டின் ஒரு பாதி மலையை வெட்டி எடுத்த கெட்டி மண்ணில் நிற்கும். மறு பாதி, அந்த மண்ணையே கொட்டி நிரப்பித் தடுப்புச் சுவர் எழுப்பிய இடத்தில் நிற்கும். நிரப்பு மண் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் அமரும். அந்தப் பக்கத் தரைத்தளத்தில் வைத்த தொட்டி, வைத்த அன்று மட்டமாக இருந்தாலும் இரண்டு மழைக்காலம் கழித்து இருக்காது. ஆகவே மலைப் பக்கத்துச் சுவரோரம்தான் நல்லது. ஆனால் அந்தச் சுவரில்தான் ஓதம் ஏறும். பிளைவுட் ஸ்டாண்ட் அங்கே ஊறி உப்பும், துகள் பலகையானால் ஒரே மழைக்காலத்தில் மாவாகும். இதற்கு வழி, ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த ஸ்டாண்ட். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் காற்றும் போகும், பின்னால் கையும் போகும்.

மட்டம் பார்ப்பதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு முனை சில மி.மீ. தாழ்ந்து தொட்டி ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அழுத்தம் சற்றுதான் மாறும், பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். ஆபத்தானது முறுக்கு. நான்கு கால்களில் ஒன்று மட்டும் தரையில் படியாமல் தொங்கினால், அடிக்கண்ணாடி மூலைக்கு மூலை முறுக்கப்படுகிறது. மேலே போட்ட கணக்கின் பத்து மடங்குத் தாங்குதிறன் அங்கே உதவாது, ஏனென்றால் விசை முழுவதும் ஒரே மூலையில் குவிகிறது. ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்துப் பாருங்கள். தகட்டுத் துண்டு சொருக வேண்டுமானால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் சொருகுங்கள், கண்ணாடிக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். ஸ்டாண்டுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாக்கோல் விரித்தால் மணல் துகள், வெல்டிங் முண்டு போன்றவை அதில் அமுங்கிவிடும்.

குளிர் தொட்டியை உடைக்குமா? அறை 8 டிகிரி, தண்ணீர் 26 டிகிரி என்ற வித்தியாசத்தைக் கண்ணாடியும் சிலிக்கானும் எளிதாகத் தாங்கும். உடைப்பது நம் அவசரம். குளிர் தாங்காமல் மீன் அடியில் ஒடுங்கியதைப் பார்த்து, கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றுவது ஒன்று. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்க மறந்து, அது வெளியே தெரிந்து சூடேறிய பின் மேலே குளிர்ந்த தண்ணீரை விடுவது இன்னொன்று. ஹீட்டரே வேண்டாம் என்றால் தங்கமீன் வளர்க்கலாம், மலைக் குளிர் அதற்கு ஒரு பொருட்டல்ல. அவலாஞ்சியில் குளிர்நீர் மீனான ட்ரவுட் வளரும் மாவட்டத்தில் வெப்ப நாட்டு மீனுக்காக மின்கட்டணம் கட்டுவது அவரவர் விருப்பம்.

குளிர் உடைக்காவிட்டாலும் ஏமாற்றும். ஹீட்டர் இல்லாத தொட்டியின் தண்ணீர் இரவெல்லாம் குளிர்ந்திருக்கும். காலையில் ஈரக் காற்று உள்ளே வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்து அடியில் சொட்டும். அதைக் கசிவு என்று பதறுவார்கள். ஜனவரியில் இதற்கு எதிர்மாறு. காற்று வறண்டிருக்கும், வெதுவெதுப்பான தண்ணீர் வேகமாக ஆவியாகும், மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். அதுவும் கசிவு போலத்தான் தோன்றும். பிரித்தறிவது எளிது. கண்ணாடியை நன்றாகத் துடைத்து, நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டி, அடிவிளிம்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரை மடித்துச் செருகுங்கள். வியர்வை நீர்மட்டத்துக்குக் கீழே எங்கும் பனிமூட்டம் போலப் படரும், பேப்பர் சுற்றிலும் லேசாக ஈரமாகும். மட்டம் இறங்கியும் பேப்பர் காய்ந்திருந்தால் ஆவியாகிறது. பேப்பரில் ஒரே ஒரு இடம் மட்டும் நனைந்து, துடைத்து வைத்தாலும் மீண்டும் அதே இடம் நனைந்தால் அது கசிவு.

இப்போது குழாய்க்கு வருவோம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் சாதாரணம். அப்போது, தண்ணீரை வடிகட்ட அடியில் தனித் தொட்டி வைத்து பம்ப் மூலம் மேலே ஏற்றும் அமைப்பில் என்ன ஆகும்? பம்ப் நின்றதும் ஏற்றுக் குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும். நான்கடிக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டம் என்பது ஏழு லிட்டருக்கு மேல். குழாயின் வாய் தண்ணீருக்குள் 15 செ.மீ. அமிழ்ந்திருந்தால் 110 லிட்டர் கீழே இறங்கும். அடித் தொட்டியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மிச்சம் தரைக்குத்தான். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும், அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியைவிடத் தாழ்வாக வைத்த ஏர் பம்பின் மெல்லிய குழாயிலும் இதே கதைதான், சில ரூபாய் விலையுள்ள ஒருவழி வால்வு அதைத் தடுக்கும். தொட்டிக்கு வெளியே மூடிய குடுவையாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் வேடிக்கை பாருங்கள். அதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

வயர்கள் பிளக்குக்குப் போவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி ஏறட்டும், வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இல்லையென்றால், தொட்டிக்கு முன் அதை வாங்குங்கள். இன்னொன்று, பல இடங்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வந்த அன்று ஹோஸைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு மற்ற குடங்களை நிரப்பப் போவார்கள். நான் அறிந்த தரை வெள்ளங்களில் பாதி இப்படித்தான்.

புதிய தொட்டியானாலும் பழையதானாலும் மீன் விடுவதற்கு முன் படிப்படியாக நிரப்பிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு ஒரு நாள், இரண்டு பங்கு ஒரு நாள், முழுதும் இரண்டு நாள். மாற்றலாகிப் போகிறவர்கள் மலிவாக விட்டுச்செல்லும் தொட்டிகளுக்கு இது கட்டாயம். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பழைய பசை, வண்டியில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பிறகு எங்கே பிடிவிட்டிருக்கும் என்று பார்வைக்குத் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி கசிந்தால் முதலில் பிளக்குகளைப் பிடுங்குங்கள், பிறகு தண்ணீரைப் பாதியாக்குங்கள். பாதி உயரத்தில் விசை கால் பங்காகக் குறைந்துவிடும், யோசிக்க நேரம் கிடைக்கும். மீன்களை அதே தண்ணீரோடு பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றி ஏர் பம்பைப் போடுங்கள். நனைந்த கண்ணாடியில் உள்ளிருந்து சிலிக்கானை அப்புவது வீண். காய வைத்து, அந்த மூலையின் பழைய பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும். படலமே பிரிந்திருந்தால் கண்ணாடிகளைக் கழற்றி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. அடிக்கண்ணாடியில் கீறல் என்றால் பழுது பார்க்காதீர்கள். அதில் மண் நிரப்பி, நம் மலையில் எங்கும் கிடைக்கும் பெரணியையும் பாசியையும் நட்டு ஜன்னலோரம் வைத்துவிடலாம்.